ஏதாவது வெட்டணுமா?

இடது முன்கையைப் பார்த்தாலே ஆளைச் சொல்லிவிடலாம். மணிக்கட்டுக்கு மேலே நாலு விரற்கடை அகலத்துக்கு முடியே இருக்காது. தீக்காயமும் இல்லை, தோல் வியாதியும் இல்லை. கூர் சரியாக நிற்கிறதா என்று சிரைத்துச் சிரைத்துப் பார்த்த இடம். பேன்ட் பாக்கெட்டின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கிளிப் எட்டிப் பார்க்கும். பேனாவா என்று கேட்டுவிடாதீர்கள். கேட்டால் அடுத்த முக்கால் மணி நேரத்துக்கு நீங்கள் அமெரிக்காவில், ஐடஹோ மாநிலத்து பாய்ஸி நகரத்தில் இருப்பீர்கள்.

கிறிஸ் ரீவின் கத்திப் பட்டறை அங்கேதான். தென்னாப்பிரிக்காவிலிருந்து போனவர். கைப்பிடித் தகட்டிலேயே ஒரு பட்டையைக் கீறி, அதுவே வளைந்து வந்து விரித்த பிளேடுக்கு முட்டுக்கொடுக்கும்படி 1987-இல் ஒரு பூட்டு கண்டுபிடித்தார். கத்தியை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறோமோ அவ்வளவு உறுதியாகப் பூட்டும் நிற்கும். கெட்டிக்கார வேலைதான், மறுக்கவில்லை. அந்தப் பூட்டோடு வரும் செபென்சா என்கிற மடக்குக் கத்தி நம் பணத்தில் நாற்பதாயிரம் ரூபாய் பக்கம். நல்ல ஃபிரிட்ஜ் வாங்கலாம். சொன்னால், "ஃபிரிட்ஜ் பாக்கெட்ல போகுமா?" என்பார்கள்.

நான் பொதுவாகத்தான் எழுதுகிறேன். என் சகலையை மனதில் வைத்து எழுதுவதாக யாரும் நினைக்க வேண்டாம். அவரிடம் இருப்பது இரண்டு.

இந்த இனத்தின் தேசிய கீதம் "ஏதாவது வெட்டணுமா?" என்பது. வாசலில் கூரியர் பையன் பெல் அடித்தால், வீட்டுக்காரர் எழுவதற்கு முன் விருந்தாளியான இவர் எழுந்துவிடுவார். கல்யாண வீட்டில் பந்தலுக்குக் கயிறு கட்டுகிற ஆள் பல்லால் கடிப்பதைப் பார்த்தால் நாற்பது அடி தள்ளியிருந்தும் ஓடி வருவார். ஆனால் வந்தபிறகு வெட்டமாட்டார்! சணல் கயிற்றில் மண் இருக்கும், கூர் மழுங்கிவிடும். எலுமிச்சம்பழமா? ஆசிட். தேங்காய் நாரா? மனசாட்சி இருக்கிறதா உங்களுக்கு? வயரா? அதற்குமேல் பேச்சே இல்லை. மாம்பழத்துக்குச் சம்மதிப்பார், சாறு பிளேடின் அச்சில் இறங்காமல் நறுக்க நமக்குத் தெரியும் என்றால்.

கழித்துக் கட்டியதுபோக மிஞ்சுவது அட்டைப்பெட்டியும் காகிதமும். அன்றைய பேப்பரை அப்பா எடுப்பதற்குள் தலையங்கப் பக்கம் நாடா நாடாவாகத் தொங்கும். "சத்தம் கேட்டீங்களா? கிழியற சத்தமே இல்ல பாருங்க" என்பார். இல்லாத சத்தத்தைக் கேட்டுத் தலையாட்டுவது எப்படி என்பதை இத்தனை வருஷத்தில் நான் கற்றுக்கொண்டுவிட்டேன்.

அட்டைப்பெட்டி என்றால் திருவிழா. என் மகளின் பிறந்தநாளுக்கு வந்த பார்சலை அவள் பிரிக்கப் போனாள். "இரு, இரு, பெரியப்பா இருக்கேன்ல." கத்தி வெளியே வந்தது. உடனே வெட்டிவிடலாம் என்று குழந்தை நினைத்தது, பாவம். முதலில் கட்டைவிரலால் மெல்லத் திறந்து, அந்த 'டக்'கை எல்லோரும் கேட்டாக வேண்டும். எனக்குக் கேட்கவில்லை என்று என் மாமனார் சொல்லித்தொலைத்ததால் இரண்டாம் முறை. பிறகு பிளேடின் நுனியைப் பிடித்து ஆட்டச் சொன்னார். "மேல கீழ ஆட்டம் இருக்கா? பக்கவாட்டுல?" இல்லை. மடக்கி, செல்போன் டார்ச்சை அடித்து, பிளேடு இரண்டு தகட்டுக்கும் நட்ட நடுவில் நிற்கிறதா என்று பார்க்கச் சொன்னார். நின்றது. அடுத்தது எஃகு. மேக்னாகட் என்று பெயர். லாரின் தாமஸ் என்கிற உலோகவியலாளர் உருவாக்கி 2021-இல் வெளிவந்தது. துருவும் பிடிக்காது, லேசில் உடையவும் உடையாது, கூரும் நிற்கும் என்பதை, சொந்த மாமா பையன் ஐஐடி பாஸ் பண்ணியதைச் சொல்வதுபோலச் சொன்னார். கடினம் ராக்வெல் அளவில் 60-க்கு மேல். யாரோ சுவிஸ் கத்தி பற்றிக் கேட்டதற்கு, "அது 56. அது டூல், கத்தி இல்ல" என்று முடித்தார். 1884-இல் இபாக் ஊரில் பட்டறை போட்டு, அந்தச் சுவிஸ் கத்தியைத் தந்த கார்ல் எல்செனர் இதைக் கேட்க இல்லாதது நல்லது.

இதற்குள் குழந்தை பெட்டியின் ஓரத்தைக் கடித்துப் பிய்த்து, பொம்மையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டது. காலிப் பெட்டியை அவர் நான்கு பக்கமும் அழகாக வெட்டிக் கொடுத்தார். டேப் பசை பிளேடில் ஒட்டியதற்கு என் மனைவியிடம் சானிடைசர் கேட்டு வாங்கித் துடைத்தார்.

விமானத்தில் போவது தனிக் கதை. கைப்பையில் விடமாட்டார்கள். ஒரு சட்டையும் ஒரு லுங்கியும் கொண்டுபோகிறவர் அந்தக் கத்திக்காகவே ஒரு பெட்டியைச் செக்-இன் செய்துவிட்டு, போய் இறங்கும்வரை முகம் செத்துப்போய் உட்கார்ந்திருப்பார்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். திறந்த கத்தியை யார் பக்கமும் நீட்டமாட்டார். குழந்தை கைக்கு எட்டவிடமாட்டார். குடி இல்லை, சீட்டு இல்லை, ரியல் எஸ்டேட் இல்லை. ஒரு கத்தி இருந்துவிட்டுப் போகட்டுமே என்றுதான் நானும் பலமுறை நினைத்திருக்கிறேன், அவர் வீட்டுச் சமையலறைக்குள் போகும்வரை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் ஹாலில் துண்டு விரித்து, வைரத்தூள் பதித்த தகடுகளை வரிசையாக வைத்து, இந்தப் பக்கம் இருபது இழுப்பு, அந்தப் பக்கம் இருபது இழுப்பு என்று தீட்டிக்கொண்டிருப்பார். ஒன்றையும் வெட்டாத கத்தி எப்படி மழுங்கும் என்று கேட்கக்கூடாது. ஆறடி தள்ளி, சமையலறையில், என் மனைவியின் அக்கா ஒரு தக்காளியை நறுக்கிக்கொண்டிருப்பார். நறுக்கவில்லை, நசுக்குகிறார். தோல் அறுபடாமல் சாறு மட்டும் பலகையில் ஓடும். "அதையும் கொஞ்சம் தீட்டிக் குடுங்களேன்" என்று நானே கேட்டுப் பார்த்தேன். "சகல, அது வெறும் தகரம். அதுக்கு இந்தக் கல்லு வேஸ்ட்." மூன்று வேளை அந்த வீட்டுக்குச் சோறு போடுகிற கத்தி அது. இதில் மட்டும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

போன மாதம் தெருவில் சாணை பிடிப்பவர் சைக்கிளோடு வந்தார். அக்கா மூன்று கத்தியையும் மாமியாரின் அரிவாள்மணையையும் அள்ளிக்கொண்டு கீழே இறங்கிவிட்டார். சக்கரம் சுற்றியதும் தீப்பொறி பறந்தது. சகலை பால்கனியிலிருந்து பதறினார். "ஐயோ, ஹீட் ஏறுது! டெம்பர் போயிடும்!" லுங்கியை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடிவந்து, எஃகு சூடேறினால் கடினம் எப்படிக் குறையும் என்று ஆரம்பத்திலிருந்து விளக்கினார். பெரியவர் மிதிப்பதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டார். பக்கத்து டப்பாவில் கத்தியை முக்கி எடுத்து, "அதுக்குத்தான சார் தண்ணி" என்றார். அவர் பார்வை சகலையின் இடுப்பில், லுங்கி மடிப்பில் நின்றது. கிளிப்.

"அது என்ன, கத்தியா? அதையும் குடுங்க சார். சின்னதுதானே, இருபது ரூவா போதும்."

சகலை கையால் இடுப்பைப் பொத்திக்கொண்டார். அக்கா நூறு ரூபாய்த் தாள் இரண்டை நீட்டி, மீதி வேண்டாம், மாதம் ஒருதரம் வந்துவிடுங்கள் என்று பெரியவரிடம் சொல்லிவிட்டு மேலே போனார்.