பாதாதிகேசம்

பொது அறிவுப் புத்தகங்களின் மேல் எனக்குத் தீராத மனத்தாங்கல் ஒன்று உண்டு. பழத்தைத் தூர எறிந்துவிட்டுக் கொட்டையை மட்டும் பொட்டலம் கட்டித் தருகிற ஆட்கள் அவற்றை எழுதுகிறார்கள். 'சிம்ஃபனியின் தந்தை யார்? ஹேடன்.' முடிந்தது. அந்தத் தந்தையின் தலையையே இரண்டு பேர் வெட்டி எடுத்துக்கொண்டு போனது பற்றி மூச்சு விடமாட்டார்கள்.

பாதத்தில் தொடங்கி முடி வரைக்கும் பாடிப் போவதற்கு நம் புலவர்கள் பாதாதிகேசம் என்று ஒரு வகை வைத்திருக்கிறார்கள். வரலாறு, இசை, ஓவியம், தேவதைக் கதை எல்லாவற்றையும் நான் அந்த வரிசையில்தான் ஞாபகம் வைத்திருக்கிறேன். ஆண்டு மறந்துபோகும். கால் விரல் மறக்காது.

இந்த அறிவைக் கேட்க ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். கல்யாணப் பந்திதான் வசதி, பாதி இலையில் யாரும் எழுந்து போக முடியாது. ஒருமுறை பக்கத்து இலையில் என் மனைவியின் சித்தப்பா. பேரனை வயலின் வகுப்பில் சேர்த்திருப்பதாகச் சொன்னார். "கிரிக்கெட்னா அடிபடும் மாப்ளே. சங்கீதத்துல என்ன ஆபத்து இருக்கு?"

வாயைக் கொடுத்துவிட்டார். லல்லியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன்.

பிரான்சில் பதினான்காம் லூயி மன்னரின் ஆஸ்தான இசையமைப்பாளர் லல்லி. மன்னருக்குப் பௌத்திரம். ஆம், நம் ஊர் பஸ் ஸ்டாண்டு சுவர்களில் மூலத்துக்குப் பக்கத்தில் எழுதியிருக்குமே, அதேதான். 1686 நவம்பரில் அறுவை சிகிச்சை நடந்து மன்னர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அதைக் கொண்டாட 1687 ஜனவரியில் லல்லி ஒரு கச்சேரி நடத்தினார். அந்தக் காலத்தில் தாளம் காட்ட நீளமான கோலால் தரையைத் தட்டுவார்கள். உற்சாகத்தில் ஒரு தட்டு தரைக்குப் பதில் அவர் கால் விரலில் விழுந்தது. புண் புரையோடியது. காலை எடுத்துவிடலாம் என்றார்கள். மனுஷர் நாட்டியமும் ஆடுகிறவர், முடியாது என்றுவிட்டார். மார்ச்சில் இறந்தார். பௌத்திரக்காரர் 1715 வரை இருந்தார்.

சீழ் மேலே ஏறிய கட்டத்தில் ரசம் பரிமாறினார்கள். சித்தப்பா வேண்டாம் என்று கையை மறித்தார். எதிர்வரிசையிலிருந்து "என்னங்க, இலையைப் பாத்துச் சாப்பிடுங்க" என்று மனைவியின் குரல் வந்தது. குரலில் மரியாதை இருந்தது, கண்ணில் இல்லை.

குழந்தைகளிடமும் எனக்கு இப்போது அனுமதி இல்லை. சிண்ட்ரெல்லா கதையைக் கிரிம் சகோதரர்கள் எழுதியபடியே மச்சினியின் மகளுக்குச் சொன்னதுதான் குற்றம். பெரோ 1697இல் எழுதிய கண்ணாடிச் செருப்புக் கதை சாது. கிரிம் கதையில் மாற்றாந்தாயின் மகள்களில் மூத்தவள் செருப்புக்குள் நுழையக் கால் விரலை வெட்டிக்கொள்கிறாள், இளையவள் குதிகாலைச் சீவிக்கொள்கிறாள். இரண்டு தடவையும் இளவரசன் பாட்டுக்குக் குதிரையில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுகிறான். செருப்பில் ரத்தம் வழிவதைப் புறாக்கள் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. மூன்று ராத்திரி சேர்ந்து ஆடியவளின் முகம்கூடத் தெரியாதவனுக்கு ஒரு ராஜ்யம்! குழந்தை சிரித்தது. அதன் அம்மாதான் அன்று தூங்கவில்லை.

மேலே போனால் மூக்கு. வானியல் அறிஞர் டைக்கோ பிராஹே 1566இல் வாள் சண்டையில் மூக்கின் ஒரு பகுதியை இழந்து, ஆயுள் முழுக்க உலோக மூக்கு ஒட்டிக்கொண்டு நட்சத்திரம் பார்த்தார். அதற்கும் மேலே புருவம். மோனா லிசாவுக்கு அது இருப்பதாகவே தெரியவில்லை. பார்லரில் புருவம் திருத்திக்கொண்டு வந்த மனைவியிடம் இதைச் சொல்வதில் ஒரு ஆபத்து இருக்கிறது, விளக்க விரும்பவில்லை. 1911 ஆகஸ்டில் அந்தப் படத்தைப் பெருஜியா என்பவர் லூவர் அருங்காட்சியகத்திலிருந்து கழற்றிக்கொண்டு போய், இரண்டு வருஷத்துக்கு மேல் தன்னிடமே ஒளித்து வைத்திருந்தார். படம் போன பிறகு, அது மாட்டியிருந்த வெற்றுச் சுவரைப் பார்க்கப் பாரிஸ்காரர்கள் வரிசையில் நின்றார்கள்.

இனி தலை. ஹேடன் 1809இல் வியன்னாவில் காலமானார். மண்டையின் மேடுபள்ளத்தைத் தடவி மேதைமையைக் கண்டுபிடிக்கலாம் என்று ஒரு சாஸ்திரம் அப்போது அங்கே பிரபலம். அதில் பித்தான ரோசன்பாமும் அவர் நண்பர் பீட்டரும் வெட்டியானுக்குக் காசு கொடுத்துத் தலையை எடுத்துவிட்டார்கள். 1820இல் எஸ்டர்ஹாசி பிரபு, ஹேடனின் உடலைத் தன் ஊரான ஐசன்ஸ்டாட்டுக்கு மாற்ற நினைத்துக் குழியைத் தோண்டினால், தலை இருக்கவேண்டிய இடத்தில் விக் மட்டும் இருந்தது. போலீஸ் ரோசன்பாம் வீட்டுக்கு வந்தது. அவர் மனைவி தெரேசா மண்டை ஓட்டை மெத்தைக்குள் திணித்து, மேலே படுத்துக்கொண்டு, தான் வீட்டுக்கு விலக்கு என்று சொல்லிவிட்டார். போலீஸ்காரர்கள் கூச்சத்தோடு திரும்பினார்கள். பிரபுவுக்கு வேறு யாருடைய தலையோ போய்ச் சேர்ந்தது. அசல் தலை கைமாறி, கடைசியில் வியன்னாவின் இசைச் சங்கத்துக்கு வந்து, 1954இல்தான் உடம்போடு சேர்ந்தது. அதற்காக, அத்தனை காலம் அங்கே குடியிருந்த தலையைக் காலி செய்யச் சொல்ல முடியுமா? அதுவும் கல்லறையிலேயே இருக்கிறது.

எங்கள் குடியிருப்பின் பொங்கல் விழா வினாடி வினாவில் இதைத்தான் கடைசிக் கேள்வியாகக் கேட்டேன். ஹேடன் கல்லறையில் எத்தனை மண்டை ஓடு? ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர், "ஒண்ணு" என்றார். முதல் மாடிப் பையன், "ரெண்டு."

"எப்படிடா சொல்றே?"

"ஒண்ணுன்னா நீங்க கேட்டே இருக்கமாட்டீங்க அங்கிள்."

வாத்தியார் விடவில்லை. ஆளுக்கு ஒரு தலைதான் என்பது கணக்கு என்று மைக்கைப் பிடித்துக்கொண்டார். நான் தெரேசாவின் மெத்தை வரை விளக்கினேன், கூட்டத்தில் பாதிப் பேர் கரும்பு வாங்கப் போய்விட்டார்கள். செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், கோலப்போட்டிக்கு நேரமாகிறது என்று சொல்லி, இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு டிஃபன் பாக்ஸ் கொடுத்து அனுப்பினார்.