தொட்டித் தணிக்கை

முப்பத்தோரு வருஷம் தணிக்கைப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். ஓய்வு பெற்ற அன்று மாலையும் கழுத்துமாக வீட்டுக்குள் நுழைந்ததும் என் மனைவி கேட்ட முதல் கேள்வி, "நாளைலேருந்து என்ன பண்ணப்போறீங்க?"

"சும்மா இருக்கப்போறேன்."

"அது மட்டும் உங்களால முடியாதுங்க" என்றாள்.

அவள் சொன்னது ஒரு வாரத்தில் நிரூபணமாகிவிட்டது. சமையலறை டப்பாக்களை எண்ணி, துவரம்பருப்பு இருப்பில் விளக்கம் தரப்படாத குறைவு இருப்பதாக ஒரு குறிப்பு எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன். மறுநாள் காலை என் கையில் இரண்டாயிரம் ரூபாயைத் திணித்து, "போய் நாலு செடி வாங்கிட்டு வாங்க. அதுங்களோட இருங்க" என்று அனுப்பிவைத்தாள்.

அது ஐப்பசி முதல் வாரம். சென்னைக்கு வருஷத்தில் கிடைக்கும் மழையில் பாதிக்கு மேல் அக்டோபருக்கும் டிசம்பருக்கும் நடுவில் கொட்டித் தீர்ந்துவிடும். வானம் மூடிக்கிடக்கும், வெயில் வந்தாலும் சாய்ந்துதான் வரும். வெளிச்சம் குறைந்தால் வீட்டுச் செடிகள் புது இலை விடுவதைக் குறைத்துக்கொள்ளும். தண்ணீரும் அவ்வளவாகக் குடிக்காது. ஆக, செடிகள் அரை ஓய்வுக்குப் போகிற நேரம் பார்த்து, முழு ஓய்வில் இருக்கும் ஒருவன் அவற்றை மேற்பார்வை பார்க்கக் கிளம்பினான்.

"சாகாத செடியா குடுப்பா" என்றேன் சாலையோர நர்சரிக்காரரிடம். அவர் என் முகத்தைப் பார்க்காமல் கைகளைப் பார்த்தார். அனுபவசாலி.

"இது இசட்-இசட் சார். அடியில கிழங்குலயே தண்ணி சேத்து வச்சுக்கும். மாசம் ரெண்டு வாட்டி ஊத்தினாப் போதும். இது ஸ்னேக் பிளான்ட், நீங்க மறந்தாலும் கோவிச்சுக்காது. எல்லாமே காத்தைச் சுத்தம் பண்ணும். நாசாவே சொல்லியிருக்கு."

நாசா என்றதும் நான்கு செடி பதினான்கு ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகுதான் தணிக்கைப் புத்தி விழித்தது. நாசாவின் ஆய்வு 1989-இல் வந்தது உண்மை. ஆனால் காற்றுப் புகாத பெட்டிக்குள் செடியை அடைத்துவைத்து எடுத்த கணக்கு அது. 2019-இல் இரண்டு ஆய்வாளர்கள் உட்கார்ந்து மறுபடி கணக்குப் போட்டார்கள். ஒரு கட்டடத்தில் சாதாரணமாக வந்துபோகும் காற்று செய்கிற சுத்தத்தைச் செடிகள் செய்ய வேண்டுமென்றால், சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடி வரை வேண்டுமாம். எங்கள் ஹால் 15 சதுர மீட்டர். குறைந்தபட்சம் 150 தொட்டி, கூடிப்போனால் 15,000. அத்தனையையும் உள்ளே வைத்தால் நாங்கள் மொட்டைமாடிக்குத்தான் குடிபோக வேண்டும். அங்கே காற்று ஏற்கெனவே நன்றாகத்தான் இருக்கிறது.

செடிகளுக்கென்று நீளப் பேரேடு ஒன்று போட்டேன். தேதி, தொட்டி எண், ஊற்றிய தண்ணீர், குறிப்புரை. காலை ஆறரைக்கு ஆளுக்கு ஒரு டம்ளர். பேதம் கிடையாது. பாரி முல்லைக்குத் தேரைக் கொடுத்துவிட்டு நடந்து போய்விட்டான். தினமும் போய் அதற்குத் தண்ணீர் ஊற்றியதாக யாரும் சொல்லவில்லை. அதனால்தான் அந்தக் கொடி பிழைத்திருக்க வேண்டும் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

முதலில் தலை தொங்கியது பீஸ் லில்லி. தாகம் என்று நினைத்து இரண்டு டம்ளர் ஊற்றினேன். இன்னும் தொங்கியது. மூன்று ஊற்றினேன். இந்தச் செடியிடம் ஒரு கெட்ட பழக்கம்: தண்ணீர் குறைந்தாலும் அப்படியே துவளும், கூடினாலும் அப்படியே துவளும். இரண்டுக்கும் ஒரே முகம். தொட்டியில் இருந்ததோ தென்னைநார்க் கழிவு. தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, மேலே மட்டும் வறண்ட மாதிரி பாவனை செய்யும். மேல்மண்ணைத் தொட்டுப் பார்த்து ஒப்புதல் கையெழுத்துப் போட்டவன் நான். இரண்டு விரற்கடை ஆழம் விரலை விட்டுப் பார்த்திருந்தால் விஷயம் தெரிந்திருக்கும். மேலதிகாரி மேசையை மட்டும் பார்த்துவிட்டு இழுப்பறையைத் திறக்காமல் போனால் அலுவலகத்தில் நடப்பதுதான் இங்கேயும் நடந்தது.

பத்தாம் நாள் செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று கையோடு வந்தது. சாக்கடை நாற்றம். வேருக்கும் மூச்சு உண்டு. மண்ணின் இண்டு இடுக்கில் இருக்கும் காற்றுதான் அதற்கு உயிர். அந்த இடத்தையெல்லாம் தண்ணீரால் நிரப்பினால், நிழலில், குளிர்ந்த நாளில், அது குடிக்கப்படாமலும் ஆவியாகாமலும் அங்கேயே கிடக்கிறது. பேரேட்டில் குறிப்புரைப் பத்தியில் "மூழ்கி மரணம்" என்று எழுதினேன். ஒரு வாரம் கழித்து அதன் கீழே "மேற்படி" என்று இரண்டு தடவை எழுத நேர்ந்தது.

இந்தச் சமயத்தில் டொரன்டோவிலிருந்து மகள் வீடியோவில் வந்தாள். தன் வீட்டுச் செடிகளைக் காட்டி, "குளிர்காலம் வந்துடுச்சுப்பா. ஹீட்டர் ஓடுறதால காத்து காஞ்சுபோயிடுது. தட்டுல கூழாங்கல் பரப்பித் தண்ணி ஊத்தி, அது மேல தொட்டியை வச்சிருக்கேன்" என்றாள். அவள் தன் வீட்டைப் பற்றித்தான் சொன்னாள். நான் அதைச் சுற்றறிக்கையாக எடுத்துக்கொண்டேன்.

கார்த்திகை மாதத்துச் சென்னையில் உப்பு ஜாடிக்குள்ளேயே கசியும். பொரித்த அப்பளம் இலைக்கு வருவதற்குள் நமுத்துவிடும். என் பனியன் மூன்று நாளாகக் கொடியில் கிடந்தது, ஈரம் போகவில்லை. அப்படிப்பட்ட ஊரில், இரவில் 20 டிகிரிக்குக் கீழே போவதற்கே யோசிக்கும் குளிரில், செடிகளுக்கு ஈரப்பதம் போதாது என்று பதினொரு தட்டில் தண்ணீர் ஊற்றி வைத்தேன்.

ஒன்பதாம் நாள் கொசு ஒழிப்புப் பணியாளர் அம்மா வந்தார். டெங்கு காலம். நேராகத் தட்டுகளிடம் போய் டார்ச் அடித்தார்.

"ஐயா, இது என்ன?"

"ஈரப்பதம்" என்றேன்.

"இல்லீங்கய்யா. இது புழு."

குனிந்து பார்த்தேன். தட்டுக்குள் தலைகீழாகத் தொங்கி நெளிந்துகொண்டிருந்தன. செடி வளர்ப்பில் என்னுடைய முதல் வெற்றி அதுதான். எண்ணிக்கையும் திருப்திகரம். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தட்டின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், நார் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல, என் மனைவி பின்னால் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தாள். தேய்த்தவன் நான். கொசுவுக்குப் பிறகு, ஈர மண்ணிலிருந்து எள் அளவு கருப்புப் பூச்சிகள் கிளம்பின. அதற்கு மஞ்சள் நிற ஒட்டும் அட்டை வாங்கித் தொங்கவிட்டேன். பதினேழு பூச்சியும் என் மூக்குக்கண்ணாடியும் ஒட்டின.

மாமியார் வந்திருந்தபோது நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஸ்னேக் பிளான்டுக்கு இங்கிலீஷில் 'மாமியார் நாக்கு' என்று ஒரு பெயர் உண்டு என்று மகள் ஸ்பீக்கரில் சொன்னாள். நான் சிரித்த சிரிப்பு தேவைக்குக் கொஞ்சம் அதிகம். ஹாலில் அமைதி. அந்த அம்மாள் செடியை உற்றுப் பார்த்துவிட்டு, "எங்க ஊர்ல இதோட பங்காளிச் செடிக்கு மருள்னு பேரு மாப்பிள்ளை. நார் எடுத்துக் கயிறு திரிப்பாங்க" என்றார். கயிறு என்ற சொல்லை ஏன் அப்படி அழுத்தினார் என்று இன்றுவரை கேட்கவில்லை. போகும்போது, உள்ளே கொண்டுவந்து வைத்திருந்த துளசியை மறுபடி பால்கனி வெளிச்சத்தில் வைத்து, "மார்கழியில இது இப்படித்தான் வாடும். கதிரைக் கிள்ளிட்டுச் சும்மா விடுங்க" என்றார். எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்கிறார்கள்.

எஞ்சியதில் என் நம்பிக்கைக்குரியது பாய்ன்செட்டியா. மெக்சிகோவிலிருந்து அமெரிக்கத் தூதர் பாய்ன்செட் 1820-களில் தம் ஊருக்கு அனுப்பிவைத்த செடி. கிறிஸ்துமஸ் சமயத்தில் சிவப்பாக விற்கிறார்களே, அதுதான். அந்தச் சிவப்பு பூ இல்லை, இலை. அது சிவக்க இரவு நீண்டிருக்க வேண்டும். இடையில் வெளிச்சம் படக் கூடாது. வெளியே வைத்தால் நம் ஊர் மார்கழி ராத்திரியே போதும். எங்கள் ஹாலிலோ சீரியல் முடிந்து டியூப்லைட் அணையும்போது மணி பதினொன்று. ஆகவே மாலை ஐந்து மணிக்கு மிக்ஸி அட்டைப்பெட்டியால் மூடி, காலை ஏழுக்குத் திறப்பது. பதினான்கு மணி நேரம், இரண்டு மாதம்.

மூடுவது சுலபமாக இருந்தது. மூடிய பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாமல் ஒரு தணிக்கையாளன் தூங்குவதுதான் நடக்காத காரியம். இரவு ஒன்பதுக்கு லேசாகத் தூக்கி செல்போன் டார்ச் அடித்துப் பார்ப்பேன். பன்னிரண்டுக்கு ஒரு தடவை. மார்கழி பாதியாகியும் இலைகள் பச்சைப் பசேலென்றே இருந்தன. நேற்று ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு இலையின் காம்போரம் கொஞ்சம் சிவந்த மாதிரி இருந்தது. இன்னும் கிட்டத்தில் டார்ச்சைக் கொண்டுபோனேன்.

பின்னால் மனைவி நின்றுகொண்டிருந்தாள். கோபமாகத் தெரியவில்லை. யோசனையில் இருந்தாள்.

"ஏங்க, பெட்டி போட்டு மூடினா உள்ள இருக்கிறது பதினாலு மணி நேரம் அசையாம இருக்குமா?"

"அப்படித்தான் இருக்கணும்."

"ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி பரண்ல இருக்கு. எடுத்துத் தரட்டுமா?"

"எந்தத் தொட்டிக்கு?" என்றேன்.

அவள் பதில் சொல்லாமல் உச்சந்தலையிலிருந்து கால் வரைக்கும் என்னை ஒருமுறை அளந்து பார்த்தாள்.