வலையின் கண்ணி அளவு

கேள்வி: டெங்கு பற்றி ஆய்வு செய்யும் மாணவி, புதுக் கட்டுரைகளைத் தினமும் தேடியே களைத்துப் போகிறார். வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. அவர் ஒருமுறை தேடினால் போதும். மிச்சத்தை மின்னஞ்சல் பார்த்துக்கொள்ளும். கூகுள் ஸ்காலரில் தேடிவிட்டு 'அலர்ட்' போட்டால், புதுக் கட்டுரைகள் வீடு தேடி வரும். மருத்துவக் கட்டுரைகளுக்கான தேடுதளமான பப்மெடில் தினமுமா, வாரமா, மாதமா என்றும் குறிக்கலாம்.

ஆனால் தேடல் ஒரு வலை; அதன் கண்ணி அளவு முக்கியம். வெறும் 'டெங்கு' என்று விரித்தால் நெத்திலி முதல் திமிங்கிலம் வரை வந்து கொட்டும். நான்காம் நாள் அவர் திறக்காமலே அழிப்பார். 'ஏடிஸ் எஜிப்தி' என்ற கொசுவின் பெயரை இரட்டை மேற்கோள்குறிக்குள் ஆங்கிலத்தில் அடித்து, 'வோல்பாக்கியா' என்ற பாக்டீரியாவின் பெயரையும் சேர்க்கட்டும். அந்த பாக்டீரியாவைக் கொண்டு டெங்கு பரவலைத் தடுக்கும் ஆய்வுகளே பெரும்பாலும் சிக்கும்.

இன்னும் அருமையான வழி ஒன்று. அவருடைய ஆய்வுக்கு ஆதாரமான கட்டுரையின் கீழே, கூகுள் ஸ்காலரில் 'சைட்டட் பை' என்ற இணைப்பு இருக்கும். அதற்கும் அலர்ட் போட்டால், இனி அதை யார் மேற்கோள் காட்டினாலும் சேதி வரும். தேடத் தோன்றாத சொற்களில் எழுதப்பட்டவைகூட.

இப்படி அலர்ட் அனுப்பும் யோசனை இணையத்தைவிட மூத்தது. ஆய்வாளர் தந்த சொற்களைக் கணினியில் பொருத்தி, வாராவாரம் பட்டியல் அனுப்பும் சேவையை அமெரிக்காவில் தகவலியலாளர் யூஜின் கார்ஃபீல்டின் நிறுவனம் 1965-லேயே தொடங்கிவிட்டது.