காக்கும் கரங்கள்

நியூயார்க் மாநில மீன், வேட்டை உயிர்கள் பாதுகாப்புச் சங்கத்துக் கனவான்களே! பாதுகாப்பு என்றால் என்னவென்று உங்களைப் போல் ஊருக்கு உணர்த்தியவர் யார்? 1881-ல் கோனி தீவில் நீங்கள் கூட்டிய சுடும் போட்டிக்குச் சுமார் 20,000 பயணிப் புறாக்களை வரவழைத்தீர்கள். நகரத்து மனிதர் முள்ளிலும் சேற்றிலும் கால் நோக அலையக் கூடாதென்று காட்டையே கடற்கரைக்குக் கொண்டுவந்து இறக்கிய உபகாரிகள் நீங்கள்.

அந்தப் பறவைகளைப் பிடிப்பவர்களின் கைவண்ணத்தையும் சொல்ல வேண்டும். ஒரு புறாவின் இமைகளைத் தைத்து, காலைக் கட்டி, சிறு பலகையில் உட்கார்த்துவார்கள். பலகையை ஏற்றி இறக்கினால் அது சிறகடிக்கும். இரை கிடைத்துவிட்டதென்று வானில் போகும் கூட்டம் இறங்கும், வலை விழும். பிறகு கூண்டு, ரயில், நெரிசல், தாகம். வழியிலேயே மாண்டவற்றுக்குத் துப்பாக்கிச் சத்தம் கேட்கும் கஷ்டத்தைக்கூட நீங்கள் வைக்கவில்லை. பிழைத்து வந்தவற்றில் பறக்கத் தெம்பற்றவையும் உண்டு. அவற்றையும் பந்தயத்திலிருந்து ஒதுக்காத சமநோக்கு உங்களுடையது.

உங்கள் உறுதியைத்தான் நான் அதிகம் வியக்கிறேன். 1878-லேயே அதே நியூயார்க்கில், கில்மோர் தோட்ட அரங்கில், கேப்டன் போகார்டஸ் 500 நிமிடத்துக்குள் 5,000 கண்ணாடி உருண்டைகளைச் சுட்டு உடைத்துக் காட்டியிருந்தார். உடையும்போது இறகு பறக்க வேண்டுமென்று ஆசைப்பட்டவர்களுக்காக இறகு அடைத்த உருண்டைகளும் வந்துவிட்டன. 1880-ல் சின்சினாட்டிக்காரர் லிகாவ்ஸ்கி, பறவை போலவே பறக்கும் களிமண் தட்டுக்குக் காப்புரிமை பெற்றார். குறி பார்க்கும் திறமைக்கு இவை போதாவா என்ற கேள்விக்கு நீங்கள் செவிசாய்க்கவில்லை. விலங்குவதைத் தடுப்புச் சங்கம் கண்ட ஹென்றி பெர்க் வாயில்லாத உயிர்களுக்காக எத்தனை மன்றாடியும் நீங்கள் இளகவில்லை. அந்த நெஞ்சுரம் எல்லாருக்கும் வாய்க்காது.

1895-ல் உங்கள் நியூயார்க்கின் மாடிசன் சதுக்கத் தோட்ட அரங்கில் வேட்டைக்காரர்களின் பெரும் பொருட்காட்சி தொடங்கியபோது, ஒரு காலத்தில் வானத்தையே மறைத்துப் பறந்த பயணிப் புறா காட்டில் அநேகமாகத் தீர்ந்திருந்தது. முழுப் பெருமையும் உங்களுக்கே என்று சொன்னால் அநியாயமாகும். சந்தைக்கு வேட்டையாடியவர்களும், காட்டை வெட்டியவர்களும் தங்கள் பங்கைக் கேட்பார்கள். அந்த இனத்தின் கடைசிப் பறவையான மார்த்தா 1914 செப்டம்பர் 1 அன்று இறந்தது. இறந்த இடம், களிமண் தட்டு பிறந்த அதே சின்சினாட்டியின் விலங்குக் காட்சிச்சாலை.

ஐரோப்பியர்களும் உங்கள் வழியில் வர முயன்றார்கள். 1900-ல் பாரிஸ் ஒலிம்பிக்கோடு சேர்த்து உயிர்ப்புறாப் போட்டி நடத்தினார்கள். பெல்ஜியத்துக்காரர் லியோன் த லுண்டன் 21 பறவைகளை வீழ்த்தி வென்றார். மொத்தம் ஏறக்குறைய 300 பறவைகள் செத்தன. அதற்கே மனம் கசந்தது போல, அடுத்த ஒலிம்பிக்கிலிருந்து அந்தப் போட்டியையே விட்டுவிட்டார்கள். உங்கள் 20,000-க்கு முன்னால் அவர்கள் வெறும் கற்றுக்குட்டிகள்.