பாரவண்டியைப் பின்தள்ளுவதில் முன்னே போவதன் பங்கு: ஓர் ஆய்வு

பாரம் ஏற்றிய டிராக்டர் டிரெய்லர் ஒன்று குறுகலான கொட்டகைக்குள் போய் நிற்கிறது என்றால், அது பின்னே வந்ததால் அன்று, இடையிடையே முன்னே போனதால்தான் என்பது இக்கட்டுரையின் துணிபு. இதை நிறுவுவதற்கு முன் களத்தை வரையறுத்துக்கொள்வது நல்லது. இடம், காவிரிப் படுகையில் ஏதேனும் ஓர் ஊர். காலம், சம்பா அறுப்பு முடிந்து வைக்கோல் வீடு வந்து சேரும் தை, மாசி. கொட்டகை என்பது வீட்டுச் சுவருக்கும் பக்கத்து வீட்டுச் சுவருக்கும் நடுவே தகரம் போட்ட ஷெட். அதன் வாசலுக்கு எதிரே உள்ள தெரு, டிராக்டரும் டிரெய்லர் பெட்டியும் சேர்ந்த நீளத்தைவிட அகலம் குறைந்தது. பெட்டியின் அகலம் வாசலுக்குள் அடங்கும். ஆனால் வைக்கோல் பெட்டியின் அகலத்தை மதிப்பதில்லை, இரு பக்கமும் பிதுங்கி நிற்கும். டிரைவர் திரும்பிப் பார்த்தால் தெரிவது வைக்கோல் மட்டுமே. பெட்டி காலியாக இருந்தால் இந்த ஆய்வுக்கே வேலை இல்லை; கொக்கியிலிருந்து பின்னை உருவிவிட்டு நாலு பேர் சேர்ந்து உள்ளே தள்ளிவிடுவார்கள். மாட்டுவண்டிக் காலத்திலும் மாடுகளை அவிழ்த்துக் கட்டிவிட்டு வண்டியைக் கையால்தான் தள்ளினார்கள். எனவே பாரம் என்பது இங்கே அலங்காரச் சொல் அன்று, சிக்கலின் மூல காரணம்.

முதலில் இழுபடும் பொருளின் இயல்பைப் பார்ப்போம். 17-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பாரிஸில் குளோத் பெரோ என்றொருவர் இருந்தார். மருத்துவர், லூவர் அரண்மனையின் கிழக்கு முகப்பை அமைத்தவர்களுள் ஒருவர், சின்ட்ரெல்லா கதையை எழுதிய சார்ல் பெரோவின் அண்ணன். தம்பி பூசணிக்காயை வண்டியாக்கி நடன மாளிகைக்கு அனுப்பினார். அந்த வண்டியைத் திரும்பக் கொண்டுவந்து கொட்டகையில் விடும் பொறுப்பைக் கதை யாருக்கும் கொடுக்கவில்லை என்பதைப் போகிற போக்கில் குறித்துவைப்போம். அண்ணன் செய்தது இன்னும் பயனுள்ள காரியம். சட்டைப்பைக் கடிகாரத்தை மேசைமேல் வைத்து, அதன் சங்கிலி நுனியை மேசை விளிம்பை ஒட்டி நேராக இழுத்தால் கடிகாரம் எந்த வளைவில் வரும் என்று அறிஞர்களைக் கேட்டார். லைப்னிட்ஸும் ஹைகன்ஸும் 1690-களில் விடை சொன்னார்கள். நேராகப் போகும் டிராக்டருக்குப் பின்னால் டிரெய்லரின் அச்சு வரையும் வளைவு அதுவேதான். கடிகாரம் முதலில் எவ்வளவு கோணலாகக் கிடந்தாலும், இழுக்க இழுக்கச் சங்கிலி நுனி போகும் நேர்க்கோட்டை நெருங்கிக்கொண்டே வரும். முன்னே இழுக்கப்படும் பெட்டி தன் கோணலைத் தானே திருத்திக்கொள்கிறது, டிரைவர் தூங்கினாலும்கூட. பெரோ கடிகாரத்தை ஏன் பின்னே தள்ளிப் பார்க்கவில்லை என்றால், சங்கிலியால் தள்ள முடியாது. டிராக்டரால் முடியும், துன்பம் அங்கேதான் தொடங்குகிறது.

பின்னே தள்ளும்போது அதே கணக்கு தலைகீழாகிறது. முன்னே போகையில் தேய்ந்த கோணம் இப்போது வளரும், அதுவும் வட்டிக்கு வட்டி போட்டு வளரும். கொக்கியிலிருந்து அச்சு வரை 3 மீட்டர் உள்ள இரண்டு சக்கரப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். டிராக்டருக்கும் பெட்டிக்கும் இடையே கண்ணுக்கே தெரியாத 2 டிகிரிக் கோணல் இருக்கட்டும். ஸ்டியரிங்கை அசைக்காமல் நேராகப் பின்னே வந்தால் 3 மீட்டரில் அது சுமார் 5½ டிகிரி. 6 மீட்டரில் ஏறக்குறைய 15. 9 மீட்டரில் 38-ஐத் தாண்டிவிடும். அதாவது கோணல் சிறிதாய் இருக்கும்வரை, பெட்டியின் நீளத்துக்குச் சமமான ஒவ்வொரு தூரத்துக்கும் அது இரண்டே முக்கால் மடங்கு பெருகுகிறது. பெட்டி குட்டையாக இருந்தால் இன்னும் மோசம். நீண்ட பெட்டி சொன்ன பேச்சைக் கொஞ்சமாவது கேட்கும். ஒரு கட்டத்துக்கு மேல் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் எவ்வளவு ஒடித்தாலும் பெட்டி நேராகாது, மடங்கிக்கொண்டே போகும். கடைசியில் டிராக்டரின் பெரிய டயர் பெட்டியின் முன்மூலையைத் தொடும். இந்த நிலையிலிருந்து மீள ஒரே வழிதான் இயற்கையில் உண்டு: முன்னே எடுப்பது. பெட்டி வலப்பக்கம் போகவேண்டுமென்றால் ஸ்டியரிங்கை முதலில் இடப்பக்கம் ஒடித்து, கோணம் விழுந்ததும் திருப்பி அதைப் பின்தொடரவேண்டும் என்பதைப் புதிதாகக் கற்பவர்களுக்குச் சொல்வதுண்டு. ஸ்டியரிங்கின் அடிப்பாகத்தைப் பிடித்துக்கொண்டால் கை போகும் பக்கமே பெட்டியும் போகும் என்ற குறுக்குவழியும் உண்டு. இரண்டும் உண்மையே. ஆனால் இவை கோணம் வளரும் வேகத்தோடு மனிதக் கை போட்டி போடும் உபாயங்கள். வளர்ச்சியை நிறுத்துபவை அல்ல. கரும்பு ஆலைக்குப் போகும் நான்கு சக்கர டிரெய்லரில் முன் அச்சும் தனியாகத் திரும்புவதால் மடங்கும் இடங்கள் இரண்டாகின்றன. அதைக் குறுகிய சந்தில் பின்னே தள்ளுகிறவரைப் பற்றி எழுத இக்கட்டுரைக்குத் தகுதி போதாது.

இவ்வளவு தெளிவாக இயற்கை முன்பக்கத்தைக் காட்டியும் ஏன் ஒருவரும் அதை ஒப்புக்கொள்வதில்லை? காரணம் இயந்திரத்தில் இல்லை, தெருவில் இருக்கிறது. வண்டி பின்னே வரத் தொடங்கியதும் சைடு பார்க்க ஆள் கூடிவிடும். இவர்கள் வழங்கும் சொற்களைத் தொகுத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். வரலாம் வரலாம், வா வா வா, லெஃப்ட்ல ஒடி, ரைட்ல வாங்கு, நேர் பண்ணு, ஹோல்டான். இவற்றில் முன்னே போ என்பதற்கு ஒரு சொல்லும் இல்லை. சைடு பார்ப்பவர் நிற்பது கொட்டகை ஓரத்தில். அவருக்கு உலகமே தன்னை நோக்கி வரவேண்டிய ஒன்று. போதாததற்கு, இரண்டு பேர் சைடு பார்த்தால் ஒருவருடைய லெஃப்ட் டிரைவரின் லெஃப்ட்டாகவும் மற்றவருடைய லெஃப்ட் அவருடைய சொந்த லெஃப்ட்டாகவும் இருக்கும். வண்டியை ஒருமுறை முன்னே எடுத்துவிட்டால் தெரு அதைத் தோல்வியாக எண்ணுகிறது. இரண்டாம் முறை எடுத்தால் திண்ணையில் இருப்பவர், அந்தக் காலத்து டிரைவர் ஒருவரின் பெயரைச் சொல்லி அவர் ஒரே மூச்சில் விட்டதை நினைவுகூர்வார். ஆகவே டிரைவர் 15 டிகிரியில் முன்னே எடுக்கவேண்டியதை 30 டிகிரி வரை மானத்தால் தாங்கிப் பிடிக்கிறார். சுவர் இடிபடுவது பெரும்பாலும் கணிதப் பிழையால் அன்று, இந்த 15 டிகிரி மானத்தால்.

அற்றேல், ஒரே மூச்சில் விடும் வித்தகர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்களே, அவர்கள் முன்னே எடுப்பதில்லையே எனின், அன்று. அவர்களை ரிவர்ஸ் கியர் விழுந்த நொடியிலிருந்து பார்க்கிறவர்கள்தான் அப்படிச் சொல்வார்கள். வித்தகர் செய்வதைச் சற்று முன்னாலிருந்து பார்க்கவேண்டும். அவர் கொட்டகை வாசலைத் தாண்டி, தேவைக்கும் அதிகமாகத் தோன்றும் தூரம் முன்னே போவார். போகும்போதே கொட்டகைப் பக்கச் சுவரை உரசுவது போல ஒதுங்கி, பிறகு டிராக்டரின் மூக்கை வெளியே தள்ளி, பெட்டியின் பின்பக்கம் வாசலை ஏற்கெனவே எட்டிப் பார்க்கும்படி ஒரு கோணத்தில் நிறுத்துவார். கூட்டம் கூடுவதற்குள் முக்கால் வேலை முடிந்திருக்கும். மற்றவர்கள் நடுவில் முன்னே எடுப்பதை அவர் தொடக்கத்திலேயே எடுத்துவிட்டார், அவ்வளவுதான். அவர் முன்னே போகவில்லை என்று சாட்சி சொல்பவர்கள், அந்நேரம் காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள்.

இனி வரும் மறுப்பு இதைவிடக் கூர்மையானது. கணிதம் தெரிந்தவர்கள் எழுப்பக்கூடியது. சக்கரம் வழுக்காத வண்டியின் பாதை மீளக்கூடியது. நேராகப் பின்னே 3 மீட்டர் வந்து, நேராகவே முன்னே 3 மீட்டர் போனால் டிராக்டரும் பெட்டியும் கோணமும் புறப்பட்ட இடத்திலேயே நிற்கும். பிறகு முன்னே எடுத்ததால் கண்ட லாபம் டீசல் செலவைத் தவிர வேறென்ன? கேள்வி நியாயமானது. விடை ஸ்டியரிங்கில் இருக்கிறது. போகும்போது ஒருவிதமாகவும் வரும்போது வேறுவிதமாகவும் ஒடித்தால் பழைய இடம் திரும்புவதில்லை. வண்டி எந்தப் பக்கம் நேரடியாக நகர முடியாதோ அந்தப் பக்கம் சிறிது நகர்ந்திருக்கும். திருப்பு, போ, திருப்பியதை மீட்டெடு, போனதை மீட்டெடு என்ற நான்கு படிகளின் முடிவு தொடக்கத்தோடு ஒத்துப்போகாது என்பதை அளந்து காட்டும் கருவி கணிதத்தில் உண்டு. நார்வேக்காரரான சோஃபுஸ் லீயின் (1842–1899) பெயரால் அது வழங்குகிறது. அமெரிக்கக் கணித அறிஞர் எட்வர்ட் நெல்சன் 1967-இல் வெளியிட்ட நூலில் இதை விளக்கக் காரை நிறுத்துவதையே எடுத்துக்காட்டாகக் கொண்டார். 1993-இல் பிரான்சின் ழான்-போல் லோமோன், பின்னால் எத்தனை டிரெய்லர் கோத்திருந்தாலும் அவர் வரையறுத்த வகை வண்டியை எந்த நிலையிலிருந்தும் எந்த நிலைக்கும் கொண்டுபோகலாம் என்று நிறுவினார். சுற்றிலும் கொஞ்சம் இடைவெளி இருந்தால் போதும், அந்த இடைவெளிக்குள்ளேயே முன்னும் பின்னும் ஆடி ஆடிப் போய்விடலாம். முன்னே போகும் உரிமையை எடுத்துவிட்டால் இந்த உறுதி நிற்காது. எத்தனை முறை ஆடவேண்டும், அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் என்ன சொல்வார் என்பவற்றைத் தேற்றம் சொல்லவில்லை. ஆனால் இந்த வாசலில் இந்த வண்டி நுழையவே நுழையாது என்று திண்ணையிலிருந்து வரும் தீர்ப்பு, வாசல் பாரத்தைவிடச் சிறிதாவது அகலமாக இருந்து, தெருவில் திரும்ப இடமும் இருக்குமானால், பெரும்பாலும் பொறுமைக் குறைவையே குறிக்கிறது.

கணினி வழியாகவும் ஒரு மறுப்பு உண்டு. ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் டெரிக் நுயெனும் பெர்னார்ட் விட்ரோவும் 1989-இல், டிரெய்லர் லாரியைச் சரக்கேற்றும் மேடைக்குப் பின்தள்ளும் வித்தையை ஒரு செயற்கை நரம்பு வலைப்பின்னலுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். முன்னே போக அதற்கு அனுமதியே இல்லை. பின்னே மட்டும் வந்தே கற்றுக்கொண்டது. ஆகவே முன்னே போவது இன்றியமையாதது அன்று என்பார் உளர். அந்தச் சோதனையின் நிலத்தைப் பார்க்கவேண்டும். அது கணினிக்குள் வரைந்த வெட்டவெளி. அங்கே பக்கவாட்டுச் சுவர் இல்லை, துளசி மாடம் இல்லை, நிழலுக்குப் படுத்திருக்கும் ஆடு இல்லை, பிதுங்கிய வைக்கோல் இல்லை. எளிய நிலையில் தொடங்கிப் படிப்படியாகக் கடினமாக்கி, மறுபடி மறுபடி மேடையில் மோதவிட்டுத்தான் கற்பித்தார்கள். அத்தனை முறை மோதக் கொடுத்துவைத்த கொட்டகை தஞ்சை மாவட்டத்தில் ஒன்றுகூட இராது. பிற்காலத்தில் ஃபோர்டு நிறுவனம் தன் 2016 மாடல் எஃப்-150 பிக்கப்பில் ஒரு குமிழை வைத்து, குமிழைத் திருகும் பக்கமே டிரெய்லர் போகும்படி செய்தது. நல்ல ஏற்பாடுதான். ஆயினும் மீளமுடியாத கோணத்தைத் தாண்டிய பெட்டியைக் குமிழாலும் மீட்கமுடியாது.

தெருவில் முன்னே போக இடம் ஏது என்பவர்க்கு விடை சுருக்கமானது. பெட்டியின் ஒரு நீளம் முன்னே போனாலே 15 டிகிரி 5½ ஆகிவிடுகிறது. ஸ்டியரிங்கையும் சேர்த்து உதவவிட்டால் அவ்வளவுகூட வேண்டாம். எதிர்வீட்டுத் திண்ணை வரை போகவேண்டிய கட்டாயம் இல்லை. சட்டமும் இந்தக் கட்சியில்தான் நின்றிருக்கிறது. 1989-இல் இந்திய அரசு வெளியிட்ட சாலை விதிகள், பிறருக்கு ஆபத்தோ வீண் இடைஞ்சலோ வராது என்று உறுதி செய்துகொண்ட பிறகே பின்னே வரவேண்டும், அதுவும் நியாயமான தேவைக்கு மேல் வரக்கூடாது என்று பின்னே வருவதற்குத்தான் கட்டுப்பாடு விதித்தன. இன்னொரு சான்று விவசாயிகளின் கைப்பழக்கத்தில் இருக்கிறது. சிலர் பெட்டியைப் பின்கொக்கியிலிருந்து கழற்றி, டிராக்டரைச் சுற்றிக் கொண்டுவந்து முன்பக்கக் கொக்கியில் மாட்டி, முன்னே போயே பெட்டியை உள்ளே தள்ளுகிறார்கள். பெட்டி தள்ளப்படுவதால் கோணம் வளரும் நோய் இதிலும் உண்டு. ஆனால் கொக்கி திரும்பும் சக்கரங்களுக்கு அருகே வந்துவிடுவதால் சிறு ஒடிப்புக்கும் உடனே பலன் கிடைக்கிறது, கழுத்து வலியும் மிச்சம். பின்தள்ளும் வேலையையே முன்னோக்கிய வேலையாக மாற்றிய இந்த முறையைக் கண்டுபிடித்தவர் யாரென்று எந்த நூலும் பதிவு செய்ததாகத் தெரியவில்லை. லீயின் நூலைப் படித்தவராக இருக்க வாய்ப்பில்லை.

கடைசியாக, இத்தனை ஆராய்ச்சிக்குப் பதில் கொட்டகைக்கு இரண்டு வாசல் வைத்து, ஒன்றில் நுழைந்து மற்றொன்றில் வெளியேறலாமே என்பவர்கள் இருக்கிறார்கள். அப்போது ரிவர்ஸ் கியரே வேண்டியதில்லை. முன்னே போவதே முழுமுதல் என்ற இக்கட்டுரையின் துணிபுக்கு அதைவிடப் பெரிய வெற்றி கிடையாது என்றும் அவர்கள் சொல்லக்கூடும். இதை ஏற்க மூன்று தடைகள். பின்வாசலுக்கு நேர் எதிரே இருப்பது பெரும்பாலும் பங்காளியின் கொல்லை. அந்தக் கொல்லை வழியாக வண்டி விடுவது பற்றிய வழக்கு பல குடும்பங்களில் இன்னும் முடிந்தபாடில்லை. மூன்றாவது தடை, அப்படிக் கட்டிவிட்டால் இந்தத் துறையில் மேற்கொண்டு ஆய்வு செய்ய ஒன்றுமிராது என்பது. இதில் கட்டுரையாசிரியரின் சுயநலம் கலந்திருப்பதை மறைக்கவில்லை.