வில்லனுக்கும் விசில்

ஹீரோவைவிட வில்லனுக்கு விசில் அதிகமாக விழுகிறதே, ஏன்?

'தனி ஒருவன்' (2015) பார்த்தீர்களா? அதில் ஹீரோ ஜெயம் ரவியே தரமான வில்லன் வேண்டும் என்றுதான் தேடி அலைகிறார். கிடைத்தவர் அரவிந்த்சாமி. நாம் ரசித்தால் மட்டும் தப்பா?

வில்லன் மேல் இரக்கம் வருகிறதே, நான் கெட்டுப்போய்விட்டேனா?

திரையில் வருவது சரி. பக்கத்து வீட்டுக்காரர் மேல் கடைசியாக எப்போது வந்தது?

வில்லனுக்கு நியாயம் கற்பிப்பது இந்தக் காலத்து ஃபேஷன்தானே?

உங்கள் தாத்தா காலத்து ஃபேஷன். 1954-ல் வந்த 'அந்த நாள்' படத்தில் ஜப்பானுக்கு உளவு சொல்லும் துரோகி, சிவாஜி கணேசன்! திறமையை நாடு மதிக்கவில்லை என்ற கசப்பில் தடம் மாறும் ரேடியோ இன்ஜினியர். அவன் கோபத்தைப் படம் காது கொடுத்துக் கேட்டது, துரோகத்துக்குக் கைதட்டவில்லை. காரணம் வேறு, மன்னிப்பு வேறு.

நிஜத்தில் நல்ல வில்லன் யார்?

எம்.என்.நம்பியார். 'எங்க வீட்டுப் பிள்ளை'யில் கையில் சாட்டை, சபரிமலையில் தலையில் இருமுடி. எம்.ஜி.ஆரிடம் அடி வாங்கியவரின் காலடியில் விழுந்து ஆசி வாங்க, 'குருசாமி' என்று வரிசையில் நின்றார்கள்!