உயர்திரு எமிஸ் அவர்களுக்கு, ஓசூர் எல்லையிலிருந்து

பெறுநர்: உயர்திரு எமிஸ் (கல்வி மேலாண்மைத் தகவல் அமைப்பு) அவர்கள், பள்ளிக் கல்வித் துறை, முகாம்: சர்வர்.
பொருள்: எல்லைப்புறப் பிள்ளைகள் தங்கள் கட்டங்களுக்குள் அடங்க மறுப்பது தொடர்பாக.

ஐயா,

அமைச்சர்கள் மாறுவார்கள், இயக்குநர்கள் மாறுவார்கள்; தாங்கள் மட்டும் நிரந்தரம். காலையில் வருகைப் பதிவு தங்களுக்கே முதல் படையல். பிள்ளையின் காலணி அளவுகூடத் தங்களுக்குத் தெரியும். தங்கள் யுகத்தின் பெருமைக்காகத்தான் 2024இல் 79,723 தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கைக்கணினி என்றும் 22,931 திறன்மிகு வகுப்பறைகள் என்றும் அரசு திட்டமிட்டது. நல்ல காரியம். திரையைக் கண்டால் பிள்ளைகளின் கண் விரியும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. திரை பேசும் மொழி அவர்கள் காதில் ஏறுமா என்பதே இந்த எல்லைப்புறத்தின் கேள்வி.

ஓசூர் எப்படிப்பட்ட ஊர் என்பதை ஒருமுறை பதிவேற்றிவிடுகிறேன். இங்கே அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் டைட்டனும் வேரூன்றின. பின்னர் மாவட்டத்துக்கு மின் ஸ்கூட்டர் வந்தது, கைபேசியின் வெளிக்கூடு செய்யும் டாடா ஆலையும் வந்தது. தளி, சூளகிரி, வேப்பனப்பள்ளிப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ புழங்கும்; சில தெருக்களில் உருது. ஆலை வேலைக்கு வந்த ஒடிசா, பீகார்க் குடும்பங்களின் பிள்ளைகளும் இங்கேதான் வளர்கிறார்கள். ஒரே பிள்ளை அம்மாவிடம் ஒன்று, கடையில் ஒன்று, வகுப்பில் ஒன்று பேசும். தங்களிடம் ‘தாய்மொழி’க்கு இருப்பதோ ஒரு கட்டம். அதில் ஒன்றைத் தேர்ந்ததும் மற்றவை மறைந்துவிடுகின்றன.

இதனால் என்ன குடிமுழுகிவிட்டது என்று தாங்கள் கேட்கலாம். 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தைப் பாருங்கள். கொரோனா விட்டுச்சென்ற கற்றல் இடைவெளியை அடைக்க வந்த அருமையான யோசனை அது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து அவரவர் நிலையிலிருந்து கற்பிப்பது. மதிப்பீடு செயலிக்குப் போகும். ராயக்கோட்டைச் சந்தையில் தக்காளிப் பெட்டிகளை எண்ணத் தெரிந்த தெலுங்குப் பிள்ளையிடம் ‘மீதி எத்தனை’ என்று திரை கேட்கிறது. அது வீட்டில் கேட்டு வளர்ந்த சொல் ‘எந்த மிகிலிந்தி’. அங்கே ‘எந்த’ என்றால் எவ்வளவு. தமிழில் ‘எந்த’ என்றால் வேறு. பிள்ளை தடுமாறுகிறது, செயலியில் அரும்பாகிறது. தாங்கள் அளந்தது கழித்தலையா, தமிழையா? தமிழை என்றால் தமிழ் என்ற தலைப்பில் எழுதுங்கள். கணக்கின் கணக்கில் ஏன் கழிக்கிறீர்கள்?

தமிழ்நாட்டில் தமிழ் வேண்டாமா என்ற ஆட்சேபம் நியாயமானது. வேண்டும். தமிழைக் கட்டாயப் பாடமாக்கிய 2006ஆம் ஆண்டுச் சட்டம் முதல் வகுப்பில் புறப்பட்டு ஆண்டுக்கொரு படி ஏறி 2015–16இல் பத்தாம் வகுப்பைத் தொட்டபோது, மொழிச் சிறுபான்மை மாணவர்கள் விலக்குக் கேட்டு நீதிமன்றம் ஏறினார்கள். பத்து ஆண்டுகள் அவகாசம் இருந்தும் விலக்கு கேட்கும் நிலை வந்ததென்றால், சட்டம் போட்ட வேகத்தில் வீட்டு மொழியிலிருந்து தமிழுக்குப் பாலம் போடவில்லை என்றுதான் பொருள். கைபேசியே மொழிபெயர்க்குமே என்பது அடுத்த ஆட்சேபம். பெயர்க்கும், விஜயவாடாப் புத்தகத் தெலுங்கில்! ஓசூர்த் தெலுங்கு தமிழும் கன்னடமும் கலந்து வெந்த சோறு. அது தங்கள் அகராதியில் இல்லை. பதிவேடு இல்லாவிட்டால் இடம்பெயரும் பிள்ளை காணாமலே போய்விடும் என்பதை மட்டும் முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் அத்திப்பள்ளியைத் தாண்டினால் தங்கள் அதிகாரம் செல்லாது. அங்கே கர்நாடகத்தின் சொந்தப் பதிவேடு. டெல்லி தரும் நிரந்தர எண் எல்லை தாண்டலாம். எண்ணுக்கு வாய் கிடையாது.

ஆகவே கைக்கணினியைத் திருப்பி வாங்கச் சொல்லவில்லை. அதைப் பிடித்திருக்கும் கை யாருடையது என்று பார்க்கச் சொல்கிறேன். பிள்ளையின் ‘எந்த’வைக் கேட்டுச் சிரித்து, ‘எத்தனை’க்கு அழைத்துவரும் ஆசிரியரே இங்கே மிகத் திறன்மிகு கருவி. பணியிட மாறுதல் கலந்தாய்வில் காலியிடங்களைக் காட்டுவதும் தாங்கள்தானே? எல்லைப்புறப் பள்ளிகளுக்கு எதிரே ‘தெலுங்கு, கன்னடம், உருது பேசத் தெரிந்தவருக்கு முன்னுரிமை’ என்று ஒரு வரி சேர்த்துக் காட்டுங்கள். சர்வர் தாங்கும்.

இப்படிக்கு,
பட்டியலில் ‘இதர’ என்ற கட்டத்தில் வசிப்பவன்